விசிறி ஓங்கிய சீமாட்டி

ஒரு பங்களாச் சுவரில், பட்டாடைச் சீமாட்டிகளும் கனவான்களும் அறைக்குள் சீட்டாடும் பழைய அச்சுப் படம் தொங்கியது. முட்டையிட அதன் பின்புறம் தோதாக இருக்குமென்று அவசரமாய் வந்த பல்லி, படத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனது.

"ஐயோ, அந்தம்மா விசிறியை ஓங்குறாளே! என்னை அடிக்கத்தான் எல்லாரும் கூடியிருக்காங்க!"

சட்டத்து மூலையில் குடியிருந்த சிலந்தி சிரித்தது. "அடிக்கவா? கிட்ட வந்து பாருக்கா. விசிறியால கொட்டாவியை மறைக்கிறா."

பல்லி தயங்கித் தயங்கிக் கண்ணாடிமேல் ஏறிப் பார்த்தது. ஆமாம், அவள் வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்துக் கனவானோ கையில் சீட்டோடு தூங்கி வழிந்தார்.

பல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னால் போய் நிம்மதியாக இரண்டு முட்டைகளை இட்டது.

"பாவம்," என்றது வெளியே வந்து, "இவங்களை யாராவது வீட்டுக்குப் போகச் சொல்லக் கூடாதா?"