யாருக்குக் குத்துவது?

காலேஜ் பரீட்சைக்காக வளர்மதி சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின், 1920இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்.”

அடுப்பில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்த அம்மா மாரிக்கனி திரும்பினாள்.

“அவுக இஷ்டத்துக்குக் குத்துனாகளா, வீட்டுல சொன்ன ஆளுக்கா?”

“இஷ்டத்துக்குத்தாம்மா.”

“எனக்கும் ஒருதடவ அப்பிடிக் குத்தணும்னு ஆசையா இருக்கு.”

“யாருக்கு?”

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “பேச்சியம்மாளுக்கு. தண்ணி கேட்டு கலெக்டராபீசு வரைக்கும் போனவ.”

“குத்திரு. மறைப்புக்குள்ள அப்பாவா வந்து பாக்கப்போறாக?”

“பசை ஆச்சாடீ?” வாசலிலிருந்து அப்பா கத்தினார்.

மாரிக்கனி சட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் போஸ்டர் கட்டைப் பிரித்தார். அதில், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் வேட்பாளர் மாரிக்கனி பால்பாண்டி கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தவள் மகளின் காதருகே குனிந்தாள்.

“நான் செயிச்சா நாக்காலியில உங்கப்பா உக்காருவாக. பேச்சி செயிச்சா பேச்சியே உக்காருவா. ஒரு பொம்பள அதுல உக்காந்திருக்கிறத என் கண்ணால பாக்கணும்த்தா.”