கதவுக்கு முன் தகடு, தகட்டுக்கு முன் கதவு

பெண் பார்க்க வந்த ஹரிசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் எங்கள் பிக்கப் வண்டியின் திருத்த வேலைத் திட்டம் இருந்தது. நான் எக்செலில் அடித்த மூன்று பெரிய தாள்கள், சரஸ்வதி படத்துக்கும் என் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே.

வண்டி வெளியே நின்றது. 1968ஆம் ஆண்டுப் பிக்கப். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்முற்றத்தை விட ஒரு சாண் நீளம். அந்த ஒரு சாணைப் பற்றி ஊர்க் கவுன்சில் இரண்டு கடிதம் போட்டிருந்தது. வண்டிக்குக் கதவு இல்லை. தரை இல்லை. எஞ்சின் வீட்டுக்குள் மாடிப்படியின் கீழே, வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில்.

"எப்ப ஓடும்?" என்று கேட்டார் ஹரிசனின் அம்மா.

"ஓடும், ஓடும்," என்றார் அப்பா. "முருகனுக்கு நேர்த்தி வச்சிருக்கிறன். பிள்ளை கல்யாணப் பொம்பிளையா வெளிக்கிட்டு இதிலதான் கோயிலுக்குப் போகவேணும். வேற வாகனத்தில ஏத்தமாட்டன்."

இரண்டு வருடத்துக்கு முன், எனக்கு முதல் மாப்பிள்ளைச் சாதகம் வந்த வாரம் வைத்த நேர்த்தி அது. அதே வாரம்தான் வண்டியையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தார்.

அம்மா ரோல்ஸ் பலகாரத் தட்டை நீட்டினார். அப்பாவோடு எதற்கும் வாதாடுவார். முருகனோடு எப்படி வாதாடுவது?

ஆகவே வண்டி ஓடுகிற நாள்தான் என் கல்யாண நாள். அந்த நாளைக் கணித்துச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். நான் கெமிஸ்ற்றி படித்தவள்.

எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். ஆனால் 'வேண்டாம்' என்று யாரிடமும் சொல்ல வராது.

எக்செலில் வரும்.

பதினான்காம் வரி: கதவைப் பொருத்திப் பூட்டுதல். முப்பத்தோராம் வரி முடிந்த பிறகு.

முப்பத்தோராம் வரி: கதவின் கீழே ஓடும் தகட்டை வெல்டிங் செய்தல். பதினான்காம் வரி முடிந்த பிறகு.

தகடு இல்லாமல் கதவு நிற்காது. கதவு நிற்காமல் தகட்டின் அளவு தெரியாது. தனித்தனியே வாசித்தால் இரண்டுமே நியாயம். நடுவில் பதினாறு வரிகள் விட்டிருந்தேன். எக்செல் பிழை காட்டிச் சத்தம் போடாமல் இருக்கத் தேதிகளைக் கையால் அடித்தேன்.

இதுவரை ஒருவரும் பிடிக்கவில்லை. முன்பு வந்த கணக்காளர் மாப்பிள்ளை, "நல்ல வடிவாப் போட்டிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைகளில் அப்பாவும் நானும் வண்டிக்குக் கீழே படுத்து எதையாவது கழற்றினோம். சிலதை அடுத்த சனிக்கிழமை திரும்பப் பூட்டினோம்.

"மகன் றெயில்வேயில பிளானிங்," என்றார் ஹரிசனின் அம்மா. "எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை எண்டு பாக்கிறதுதான் இவருக்கு உத்தியோகம். ஒரு பிழை தப்பாது."

நான் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் பதினான்காம் வரியைத் தேடினேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப தம்பி, ஒருக்கா வடிவாப் பாருங்கோ. நான் தை மாசத்துக்குக் கல்யாண ஹோல் கேட்டு வச்சிருக்கிறன்."

ஹரிசன் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றாமல் அதை வரி வரியாக இறக்கினார்.

பத்து. பன்னிரண்டு. பதினான்கு.

பதினான்கில் நின்றார். தலையை ஆட்டினார். கீழே போனார்.

இருபது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று.

"தகடு ஒண்டரை மில்லிமீற்றரோ?"

நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். கீழே போனார்.

ரயில்கள் ஏன் பிந்துகின்றன என்று எனக்கு விளங்கியது. மூச்சை விட்டேன்.

பேனா நாற்பத்தேழில் நின்றது. மேலே போகவுமில்லை, கீழே போகவுமில்லை.

"அங்கிள், இதில ஒரு பிழை இருக்கு."

ரோல்ஸ் கடிக்கும் சத்தம் நின்றது.

"முன்கண்ணாடி பூட்ட முதல் கூரைக்குப் பெயின்ற் அடிக்கவேணுமாம். கூரைக்குப் பெயின்ற் அடிக்க முதல் முன்கண்ணாடி பூட்டவேணுமாம். இப்பிடிப் போனா இந்த வண்டி ஒருநாளும் ஓடாது."

நான் அப்படி எழுதவில்லை.

எட்டிப் பார்த்தேன். நான் அச்சடித்தது நாற்பத்தாறோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே, வெற்றுக் கட்டங்களில், நீலப் பேனாவால் இரண்டு வரிகள். அச்செழுத்துப் போலத் தெரிய வேண்டும் என்று மிகவும் பாடுபட்டு எழுதியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு 'ற்'றும் வாலைச் சுழித்துக்கொண்டு நின்றது. கடைச் சாமான் எழுதும் துண்டுகளிலும் அப்பா அப்படித்தான் சுழிப்பார்.

நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும். நடுவில் ஒரு வரிகூட விடவில்லை. அனுபவமில்லாத வேலை.

அப்பா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை எப்போதோ காலியாகியிருந்தது.

"ஆர் இப்பிடி எழுதினது?" என்றார் அம்மா. அவருடைய பார்வை மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பத் தொடங்கியது.

அன்று பின்னேரம் முழுவதும் நான் வாயைத் திறந்திருக்கவில்லை.

"பிழை இல்லை," என்றேன். "ரெண்டையும் ஒண்டாத்தான் செய்யவேணும். கொஞ்சம் கொஞ்சமா."

ஹரிசன் முதல் முறையாக என்னைப் பார்த்தார். "அப்பிடி எங்கயாவது செய்யிறவையோ?"

"ஓம் தம்பி," என்றார் அப்பா, கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல். "கெமிஸ்ற்றியில இருக்கு."