மூன்றாவது வண்டி

நெவாடா மலைப் பாதைகளில் எங்களுக்கு ஒரே சட்டம். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் வண்டி நம்மைப் பார்த்து லைட் போட்டுக் காட்டும்வரை நிற்க வேண்டும். போன வருடம் டாரில் நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த என் கணவர் ரஸ்ஸல் தவறான பள்ளத்தாக்கில் திரும்பிவிட்டார். ஒன்பது நாள் கழித்து உடல் கிடைத்தது. தண்ணீர் கேன் காலி. "பின்னாடியே வர்றான்னு நெனச்சேன்," என்றான் டாரில், இறுதிச் சடங்கில் உருளைக்கிழங்கு சாலட் தின்றபடி.

இந்த ஆகஸ்டில், உடல் கிடைத்த இடத்தில் ரஸ்ஸல் நினைவாகக் கல் குவிக்க இரண்டு ஜீப்பில் போனோம். முன்னால் நான், பின்னால் டாரில். கரடுமுரடான பாதைக்காக டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, வழக்கம்போல வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் வரிசை எண் சொன்னோம்.

"ஒண்ணு," என்றேன்.

"ரெண்டு," என்றான் டாரில்.

"மூணு," என்றது ரேடியோ.

"யாருடா அது, விளையாடுறது?" டாரில் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் குரலோடு இருபது வருடம் குடித்தனம் செய்தவள் நான்.

முதல் பிரிவில் டாரில் லைட் போடும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். ரேடியோவில், "நீயும் நில்லு டாரில். பின்னாடி வண்டி வருதுல்ல," என்றேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "லொரீன், புழுதி தெரியுது. ரஸ்ஸல் வண்டிதான். நான் வந்துடட்டுமா?"

"லைட் போட்டாரா?"

"போட்டுட்டான். கெளம்பிட்டேன். பின்னாடியே வர்றான். அடுத்த பிரிவுல எனக்காக நிப்பல்ல?"

அடுத்த பிரிவு வந்துவிட்டது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் வெறும் வெயில்.

"நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் திரும்பினேன்.