பதினைந்தாம் வில்லை

"பதினஞ்சு என்னோடது. இதுல சந்தேகமே வேணாம்" என்றார் பேராசிரியர் உலகப்பன், கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

ஜொகூர் பாருவின் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், வேதியியல் கூடத்துக்குள் அவர் கால் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போன முறை வந்தது தன் கையாலேயே ஒரு சேர்மம் தயாரிக்க. அதாவது, பல்கலைக்கழக இதழின் படக்காரர் கிளம்பும்வரை. தங்க நூலில் பெயர் பொறித்த அவரது வெள்ளை அங்கியில் இன்றுவரை ஒரு துளி கறை இல்லை.

மேசையில் மூன்று தட்டுகள். தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, நடுநடுவே மருந்தில் நனைத்த காகித வில்லைகள், மொத்தம் பதினைந்து. மருந்து கிருமியைக் கொன்றால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். ஒன்பதைச் சுற்றி ஐந்து காசு அளவுக்கு விழுந்திருந்தது. பதினைந்தைச் சுற்றி ஐம்பது காசு அளவுக்கு.

"எப்படி சார் உங்களோடதுன்னு..." நர்மதா இழுத்தாள். நைட்ரஜன் கோத்த இரட்டை வளையச் சேர்மங்களை மூன்று வருடமாகக் காய்ச்சிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவி. இந்தத் தட்டில் ஒன்றாவது தேறாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

"நீ செஞ்சது மொத்தம் பதிமூணு. ஒன்னும் கொசுவக்கூட கொல்லாது. நான் செஞ்சது ஒன்னே ஒன்னு. பெரியவங்களோடத கடைசியிலதான வைப்பாங்க? டொரத்திக்கு அந்த மரியாத தெரியும் லா."

ஆய்வுக்கூட அதிகாரி டொரத்தி கையில் ஓர் உறையோடு நின்றிருந்தார். எந்த எண் எந்தப் பொருள் என்ற பட்டியலை அந்த உறையில் போட்டு அவர்தான் ஒட்டி வைத்திருந்தார். மாணவர்கள் தில்லுமுல்லு செய்யக்கூடாது என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே உலகப்பன்தான்.

"சார், பதிமூணும் ஒன்னும்..."

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?"

"இல்ல சார், உறைய பிரிச்சுப் பாத்துடலாமேன்னு."

"என் கைவேல எனக்கு தெரியாதா? கீழ டீன் நிருபர்களோட காத்திருக்காரு. உன் பேரையும் சேத்துக்கலாம்னு பாக்குற. அதெல்லாம் எழுதி முடிச்சுக்குவோம்."

தங்க மூடிப் பேனாவைத் திறந்தார். 'பதினைந்து முழுக்க முழுக்க என் தயாரிப்பு. மற்ற பதினான்கும் நர்மதாவுடையவை. அவற்றில் எனக்குப் பங்கில்லை.' கையெழுத்திட்டு, படமெடுத்து, அங்கேயே நின்று டீனுக்கு அனுப்பினார்.

"அப்ப ஒம்போது, சார்?"

"அந்த அஞ்சு காசா? நீயே வச்சுக்கம்மா. அதுல எம் பேரு இருந்தா எனக்குத்தான் அவமானம்."

அவர் படியிறங்கியதும் டொரத்தி உறையைக் கிழித்தார்.

"ஒம்போது, நீ செஞ்சது. பட்டம் வாங்க இது போதும் நர்மதா."

நர்மதா பட்டியலை எட்டிப் பார்த்தாள். "சாரோடது எது, அக்கா?"

"நாலு."

நான்காம் வில்லையின் மேலேயே பாக்டீரியா ஏறிப் படுத்திருந்தது. கீழே கைதட்டல் கேட்டது.

"அப்ப பதினஞ்சு..."

"ஒப்பிட்டுப் பாக்க எப்பவும் ஒன்னு வைப்போமே, அதான்" என்றார் டொரத்தி, பட்டியலை மடித்தபடி. "பெர்மாஸ் ஜெயால எந்த கிளினிக்குக்குப் போனாலும் குடுப்பாங்களே, அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திர."