வீட்டுக்காரன் உட்காரக் கூடாது

மீன் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வுகாஷினின் வலது முழங்கால் சுரீர் என்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தான்.

இன்று நிகோலா புனிதரின் திருநாள். அவன் குடும்பத்தைக் காக்கிற புனிதர். இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது.

போன வருடம் அவன் ஆடும் கால்பந்து அணியில் பாதிப் பேர் வந்து கூத்தடித்துவிட்டுப் போனார்கள். இந்த வருடம் மாமனார், பக்கத்து வீட்டுக் கிழவர் இரண்டு பேர், அப்புறம் மிலுதின்.

மிலுதின் வந்ததுதான் விஷயம். ஊர் அணியில் யார் ஆடுவது, யாரைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்கிற ஆள். வுகாஷினின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பெல்கிரேடில் ஆடி, பெல்ஜியத்தில் ஆடி, முழங்காலை அறுத்துத் தைத்துக்கொண்டு சொந்த ஊர் திரும்பிய நடுக்கள ஆட்டக்காரனை வேறு எந்த அணி சீண்டும்?

என் காலை நோட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறான் படுபாவி. பார்க்கட்டும்.

வுகாஷின் சும்மா நிற்கவில்லை. பிளம் சாராயம் எடுக்க நிலவறைப் படிகளில் ஓடி இறங்கினான், ஓடி ஏறினான். ரொட்டி தீர்வதற்குள் ரொட்டி கொண்டுவந்தான்.

அடுப்படியில் மனைவி தியானா கையைப் பிடித்து நிறுத்தினாள். "கால் பானை மாதிரி வீங்கிக் கெடக்கு. இங்கயாவது செத்த நேரம் உக்காருங்களேன்."

"அந்தாளு பாத்துட்டா?" கையை உதறிக்கொண்டு போனான்.

மிலுதின் சாவகாசமாகச் சாப்பிட்டான். முள்ளை உருவினான், விரலைச் சூப்பினான், இளமையில் தான் அடித்த கோல்களை எல்லாம் திரும்ப அடித்தான். வுகாஷினின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

இருட்டும் நேரத்தில், வாசலில் நின்று கோட்டை மாட்டும்போதுதான் விஷயத்துக்கு வந்தான்.

"உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு, தம்பி. போன வாரமே கையெழுத்தாயிருச்சு."

"இதச் சொல்லவா வந்தீங்க? நல்ல நாளும் அதுவுமா?"

"வேற நாள் வந்து சொன்னா செருப்பால அடிச்சிருப்ப. இன்னிக்கு உன்னால முடியாது பாரு."

முடியாதுதான். திருநாளன்று படியேறி வந்தவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. பாழாய்ப்போன வழக்கம்.

மிலுதின் காலிக் கோப்பையை நீட்டினான். "வழிக்கு ஒண்ணு ஊத்து."

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, வுகாஷின் தளும்பத் தளும்ப ஊற்றினான்.

"அடுத்த வருஷமும் கண்டிப்பா வரணும்" என்றான்.

அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.