அளவுக்கோடு இல்லாத படம்

மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம் அக்காவின் அலுவலக மேசைமீது கிடக்கிறது. கணினித் திரையில் கறுப்புப் பரப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைபார்க்கும் தம்பி கொண்டுவந்த படம். எதன் படம் என்று அவன் சொல்லவில்லை. படத்தில் இருப்பது எவ்வளவு பெரிது என்று காட்ட அடியில் இருக்கவேண்டிய அளவுக்கோட்டையும் வெட்டியிருக்கிறான். விண்மீன் மண்டலங்கள் வானில் எப்படிக் கூடி நிற்கின்றன என்று ஆராய்வது அக்காவின் வேலை. அவள் எழுதிய நிரல் புள்ளிக்குப் புள்ளி தூரம் அளந்துகொண்டே போகிறது. தம்பி கைக்குட்டையை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான். "சும்மா வாரி இறைச்ச மாதிரிதானேக்கா இருக்கு?" என்கிறான். "போடா, கண்ணத் துடைச்சுக்கிட்டுப் பாரு. கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க மாதிரி கொத்துக் கொத்தா நிக்குது. எவ்வளவு அழகு! எந்தப் பக்கத்து வானம்டா இது?" கைக்குட்டை அவன் கையில் அப்படியே நின்றுவிடுகிறது. "வானம் இல்லக்கா. அப்பா நுரையீரல்ல எடுத்த சதைத் துணுக்கு. புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு செல்லு. சிதறிக் கெடந்தா பயமில்லன்னு டாக்டர் சொன்னார். முதல்லயே சொல்லியிருந்தா நீ புள்ளியப் பாத்திருக்க மாட்ட, அப்பாவத்தான் பாத்திருப்ப." வெளியே நடைவழி நாற்காலியிலிருந்து இருமல் கேட்கிறது. "என்னம்மா, கிளம்பலாமா?" என்கிறார் அப்பா. அவள் உள்ளங்கையை விரித்துத் திரையை மறைக்கிறாள். விரல் இடுக்குகளில் புள்ளிகள் கூடிக் கூடி மினுங்குகின்றன.