ஐம்பதுக்குக் கீழே

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணன் போனை மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"அணைச்சாச்சு."

"ம்," என்றான் தம்பி, வேறொரு ஊரிலிருந்து.

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. பதினான்கு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் எண்கள் மட்டும்தான் போய்வந்துகொண்டிருக்கின்றன.

மேசையில் ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்த டிரைவ் பெட்டி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. மாவு பிசைகிற பெரிய மோட்டாரை ஓட்டும் பெட்டி. வெறுமனே ஓடச் சொன்னால் சமர்த்தாக ஓடும். மாவைக் கொட்டியதும் உதறிக்கொண்டு நின்றுவிடும்.

காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டியதில் போன் போடுவதற்குச் சற்று முன்பு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. உள்ளே இருக்கும் ஆறு டிரான்சிஸ்டர்களில் ஒன்றுக்கு மட்டும் சிக்னல் விட்டு விட்டுப் போகிறது. எங்கோ ஒரு சால்டர் ஒட்டு விட்டிருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் "பார்த்தியாடா!" என்று பக்கத்து ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

ஸ்டூலில் மல்டிமீட்டரின் காலி உறை உட்கார்ந்திருந்தது.

சால்டர் வைக்க வேண்டுமென்றால் கை உள்ளே போக வேண்டும். கரண்டை நிறுத்தினாலும் கெபாசிட்டர்கள் ஐந்நூற்று அறுபது வோல்ட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அது ஐம்பதுக்குக் கீழே வடிய ஐந்து நிமிஷம் ஆகும். முதலில் மளமளவென்று இறங்கும், போகப்போக நொண்டியடிக்கும். நல்ல நிலையில் உள்ள எந்தப் பெட்டியும் அப்படித்தான்.

அந்த ஐந்து நிமிஷம் பொறுக்காமல் ஒரு தடவை கையை விட்டவர்தான் அண்ணன். தம்பி மர ஸ்டூலால் இடித்துத் தள்ளியிருக்காவிட்டால் இன்றைக்குச் சுவரில் படமாகத் தொங்கியிருப்பார்.

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். ஒருவன் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவன் கேட்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனதும் கேட்டவன் "கையை வை" என்பான். நடுவில் எண் நின்றுபோனால் பதறி ஓடிவர வேண்டும்.

உயிரைக் காப்பாற்றிய அந்தத் தம்பியைத்தான் வாடிக்கையாளர் எதிரிலேயே அண்ணன், "உனக்குக் கை மட்டும்தான்டா இருக்கு, மூளை என்னோடது" என்று சொன்னார். ஒரு பெட்டி வெடித்துப் போயிருந்தது. ஒயரைத் தப்பாக மாற்றி இணைத்தவர் அண்ணனேதான். அது தெரிந்தும் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது.

தம்பி ஸ்குரூடிரைவரை மேசையில் வைத்தான். கையைக் கழுவினான், போய்விட்டான். இப்போது எங்கோ ஒரு நீரேற்று நிலையத்தில் வேலை. கடைப் பலகையில் மட்டும் இன்னமும் 'பிரதர்ஸ்' என்று இருக்கிறது.

போன மறுநாள் ஒரே ஒரு செய்தி அனுப்பினான். 'டிரைவைத் திறந்தால் அழைக்கவும். தனியாகக் கை வைக்க வேண்டாம்.' டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மாட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தது. அண்ணா என்கிற வார்த்தை அதில் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"ஐநூத்தி அறுபது," என்றார் அண்ணன்.

"ம்."

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அன்னைக்கு நான் பேசினது தப்புடா. நாலே நாலு வார்த்தை. காலையில் குளிக்கும்போது மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், தடங்கலில்லாமல் வந்தது.

"ஐநூத்தி நாப்பது... ஐநூத்தி இருபது."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே விழும்போது எண்ணாகிவிட்டது.

நானூறு. முந்நூற்று எண்பது. அந்தப் பக்கம் பம்புகள் இரைந்துகொண்டிருந்தன. நடுவில் தம்பி இருமினான். சளி பிடித்திருக்கிறதோ என்னவோ, மருந்து வாங்கிக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"முன்னூத்தி அறுபது."

இருநூறைத் தாண்டும்போது அண்ணன் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். ஐம்பதுக்குக் கீழே போனால் "கையை வை" என்பான், போனை வைத்துவிடுவான். அடுத்த டிரைவ் பெட்டி எந்த வாரம் வருமோ. அதுவரை கடையில் குரல் என்று இருப்பது ஃபேனுக்கு மட்டும்தான்.

"நூறு... எண்பது... அறுபது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துப் பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது.

மீட்டர் ஐம்பதுக்குக் கீழே இறங்கிப் பதினோரு நிமிஷம். இப்போது அதில் வெறும் பூஜ்யம் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. முதல் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் அவராக இட்டுக்கட்டிச் சொன்னவை, இருபது இருபதாக, ஒரே சீராக.

அடுத்தது நாற்பது. சொன்னால் முடிந்தது.

சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்று உறைத்தது. ஒரே சீராக எந்தக் கெபாசிட்டர் இறங்கும்? நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதை மூன்றாவது எண்ணிலேயே பிடித்துவிடுவானே. தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்?

எண் நின்றுபோய் இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. தம்பி பதறவில்லை.

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பம்புகளின் இரைச்சல் அடங்கியது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணா," என்றான் தம்பி. "கடைசியில ரொம்ப மெதுவாத்தான் இறங்கும். அவசரமில்ல, மெதுவாவே சொல்லு."